இலையை மடிக்கத் தெரியாத துரை

யாருக்கு வேண்டுமானாலும் வழி சொல்லலாம். எங்கே சாப்பிடுவது என்று மட்டும் சொல்லக் கூடாது. இந்த ஞானம் எனக்கு இருபத்திரண்டாம் வயதில், ரங்கூனில், ஓர் ஐரிஷ்காரரின் வயிற்றைப் பணயம் வைத்துக் கிடைத்தது.

அப்போது நான் டாலாவில் ஓர் அரிசி ஆலை ஆபீசில் தற்காலிகக் குமாஸ்தா. தினமும் ரங்கூனிலிருந்து சம்பான் படகில் ஆற்றைக் கடந்து போவேன். வேலை நிரந்தரமாக வேண்டுமானால் எஞ்சினீயர் டூலன் துரை கையெழுத்துப் போட வேண்டும். அவர் போடுவதற்கு முன்பே, "நிரந்தரமாகிவிட்டது" என்று ஊரில் அம்மாவுக்கு எழுதிவிட்டேன். (தெருவுக்கே சர்க்கரைப் பொங்கல் கொடுத்துவிட்டதாகப் பதில் வந்தது. பொங்கலைத் திரும்பக் கேட்க முடியுமா?)

ஒருநாள் துரை கூப்பிட்டார். அவர் மனைவி அயர்லாந்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். சனி, ஞாயிறு அவளைப் பெகு ஊருக்குச் சுற்றிப் பார்க்க அழைத்துப் போக வேண்டுமாம்.

"நல்ல இடங்களாக எழுதிக் கொடு, பிள்ளை. சாப்பிட, குடிக்க, தங்க."

பெகுவில் நான் கண்டது, ஒரு கல்யாணத்துக்குப் போய்த் தங்கிய நம்மவர் சத்திரம் ஒன்றுதான். ஆகையால் மூன்று தலைப்புக்கும் அதையே எழுதினேன். 'குடிக்க' என்பதற்கு நேராக, "பானகம், மிக உயர்தரம்" என்று சேர்த்தேன். சத்திரத்து மணியக்காரருக்குத் தமிழில் ஒரு சீட்டு வேறு: "இவர் கையில்தான் என் பிழைப்பு. வயிறு நிறையாமல் அனுப்ப வேண்டாம்."

பர்மியப் பெண்ணைக் கட்டி அங்கேயே வேரூன்றிவிட்ட தலைமைக் குமாஸ்தா சோமு அண்ணன் பட்டியலைப் படித்தார்.

"ஏண்டா, துரைக்குப் பானகமா?"

"வெயிலுக்கு நல்லதுண்ணே."

"உன் வேலைக்கு நல்லதில்லடா."

திங்கட்கிழமை துரை வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. நான் பெட்டியைக் கட்டக் கயிறு தேட ஆரம்பித்தேன். பொங்கல் தின்ற தெருவில் எந்த முகத்தோடு போய் இறங்குவது?

புதன்கிழமை வந்தார். நாற்காலியில் பார்த்துப் பார்த்து உட்கார்ந்தார்.

"பிள்ளை, அந்த மனிதரை எப்படி நிறுத்துவது?"

நடந்தது இதுதான். சனிக்கிழமை ஆயிற்றே என்று மணியக்காரர் முதலில் துரைக்கு நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியிருக்கிறார். பிறகு இலை போட்டார். துரை வளர்ந்த வீட்டில் தட்டில் மிச்சம் வைத்தால் சமைத்தவளுக்கு அவமானம். ஆகவே ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டார். நம் வழக்கத்திலோ இலை காலியானால் இன்னும் பசி இருக்கிறது என்று அர்த்தம். மணியக்காரர் மறுபடி போட்டார். துரை மறுபடி வழித்தார். ஏழு தரம்! துரைசாணி இரண்டாம் தரமே பாதியை மிச்சம் வைத்துத் தப்பித்தாள். துரையைத் தூக்கிவிட இரண்டு ஆள் வேண்டியிருந்தது. அப்புறம் இரண்டு நாள் பாயும் சுக்குக் கஷாயமும்தான்.

"இலையை மடித்திருக்க வேண்டும், சார்" என்றேன்.

"அதை ஏன் நீ எழுதவில்லை?"

நினைவு தெரிந்த நாளிலிருந்து மடிக்கிறேன். அதைப் போய் எழுத வேண்டும் என்று எனக்கு எப்படித் தோன்றும்? துரை என் முகத்தைப் பார்த்தார். பிறகு மேஜை குலுங்கச் சிரித்தார்.

"கப்பல் ஏறிய நாளிலிருந்து என் மனைவி அழுதுகொண்டே இருந்தாள், பிள்ளை. நான் ஏழாவது தரம் சாப்பிட்டபோதுதான் சிரித்தாள்."

கையெழுத்துப் போட்டுவிட்டார். கூடவே, தம் கையால் எழுதிய தாள் ஒன்றையும் நீட்டினார். நான் எப்போதாவது அவர் நாட்டுக்குப் போனால் உதவுமாம். டப்ளினில் எந்த வீட்டில் தங்குவது, கார்க்கில் மாமிசம் படாத உருளைக்கிழங்கு எங்கே கிடைக்கும், கால்வேயில் எந்த அம்மாள் நல்ல ரொட்டி சுடுவாள், எல்லாம் இருந்தது. கடைசி வரிக்கு மட்டும் அடிக்கோடு: "தேநீர் வேண்டாமென்றால் மூன்று முறை சொல். முதல் இரண்டை யாரும் நம்ப மாட்டார்கள்."

எப்போது நிறுத்துவது என்பதை நான் எழுத மறந்தேன், அவர் மறக்கவில்லை. அந்தப் புண்ணியவான் போட்ட கையெழுத்தில்தான் இன்றும் என் வீட்டில் உலை கொதிக்கிறது.

அயர்லாந்துக்கு நான் போகவில்லை. ஆனால் காபி வேண்டுமா என்று என் மனைவி கேட்டு, நானும் ஒரு மரியாதைக்கு "வேண்டாம்" என்று சொல்லித் தொலைத்தால் போதும். "இன்னும் ரெண்டு தரம் கேக்குறதுக்கு இது அயர்லாந்து இல்ல, துரை" என்று சொல்லி, என் கண் முன்னாலேயே அதைத் தானே குடித்துவிடுவாள்.