குறுக்குவழி மாப்பிள்ளை

நேர்வழியில் நடந்து ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்த குறுக்குவழியை உதியன்குளங்கரையில் யாருமே பார்த்ததில்லை. அது ஊர் அவருக்கு வைத்த பட்டப்பெயர்; ரோட்டோரம் தையற்கடை வைத்திருந்தார். கோயில் கண்ணுக்கெதிரே இருந்தாலும் மரச்சீனிக் கிழங்கு போட்ட விளைக்குள் புகுந்து, யாரோ ஒருவருடைய மாட்டுத் தொழுவத்தின் வழியாகத்தான் ஆராதனைக்கு வருவார். பாதிரியார் அவரைச் சாணி மணத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். சட்டைக்கு ஐந்து பொத்தான் எதற்கு, மூன்று போதாதா என்று கேட்பார். போதாது என்று சொன்னவர்களுக்கும் மூன்றுதான் வைத்தார்.

எல்லைப் போராட்டம் சூடுபிடித்திருந்த நேரம் அது. மலையாள ராஜ்யத்தில் இருந்த தமிழ் பேசும் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி நாள்தோறும் ஊர்வலம் நடந்தது. ஊர்வலம் வரும் சத்தம் கேட்டதும் குறுக்குவழி கடைப்பலகையைச் சாத்திவிட்டுப் பின்பக்கத்து வாழைத்தோப்பு வழியாக மறைந்துவிடுவார்.

"நீரு எந்தப் பக்கம் வே?" என்று கேட்டால், "அளவெடுக்கிய டேப்பு ரண்டு பக்கத்துக்கும் ஒண்ணுதானே" என்பார்.

நாற்பது வயதில் அவருக்குக் கல்யாணம் கூடியது. பெண் வீடு பாபநாசம் பக்கம், மலைக்கு அந்தப்புறத்து அடிவாரம். கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது பஸ்கள் நின்றுபோயின. முச்சந்திக்கு முச்சந்தி போலீஸ். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வயிற்றுவலி வந்தது.

நான் அஞ்சாம் கிளாஸோடு பள்ளியை விட்டுவிட்டு, மலையில் மிளகு மூடை சுமந்து திரிந்தவன். கடைவாசலில் நின்ற என்னைப் பார்த்தார்.

"எலே, மலை ஏறி எறங்கினா பாதி நாள் வழி ஆக்கும். நீதான் மாப்பிள்ளைத் தோழன். வாறியா?"

"பாதி நாளா? அங்க ஆனை உண்டு அண்ணே."

"ஆனைக்கு எனக்க கல்யாணத்துல என்ன சோலி? நீ வா மக்கா."

மறுநாள் விடியும்போது அம்பூரியிலிருந்து ஏறினோம். கல்யாணக் கோட்டும் பூட்ஸும் இருந்த தகரப்பெட்டி அவர் தலையில். பெண் வீட்டுக்குக் கொண்டுபோகும் நேந்திரம் வாழைக்குலையும், அவித்த மரச்சீனிப் பொதியும் என் தோளில். மூடைக்காரர்கள் நடந்து நடந்து உண்டாக்கிய தடம் ஒன்று இருந்தது. ஒரு மணி நேரம்கூட அது அவருக்குப் பொறுக்கவில்லை. "இந்தத் தடம் வளையுது பாத்தியா" என்று தண்ணீர் வற்றி ஈரம் மட்டும் மிஞ்சியிருந்த ஓடை ஒன்றில் இறங்கினார்.

ஓடை முழுக்க அட்டை. காலைத் தூக்கினால் காலில், நின்றால் கழுத்தில். உச்சிவெயில் வரைக்கும் ஈற்றை மூங்கில் காட்டைப் பிளந்துகொண்டு ஏறினோம். வழுக்குப் பாறையில் விழுந்து அவருடைய நெற்றி கிழிந்தது. கடைசியாக ஒரு பாறை மேல் ஏறிய குறுக்குவழி சந்தோஷத்தில் கத்தினார்.

"பாத்தியா, வாழைப்பழத் தோலு! ஆள் நடமாட்டம் உண்டு!"

"அது காலம்பற நாம தின்னதாக்கும் அண்ணே."

குனிந்து அந்தத் தோலை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "அப்பம் வழி சரிதான்" என்றார்.

அதற்கப்புறம் யானை வந்தது. அது வந்ததைச் சொல்ல முடியும், நாங்கள் ஓடியதைச் சொல்ல முடியாது. நேந்திரங்குலை யானையோடு போயிற்று. "சுமை கொறஞ்சுதுல்லா" என்று மூச்சு வாங்கினார் குறுக்குவழி.

மேட்டை எட்டும் முன்னே வழி தெரியாதபடி மஞ்சு மூடியது. அவர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார். பிறகு சொன்னார்:

"அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே ரண்டு கல்யாணம் மொடங்கிப் போச்சு, கேட்டியா. நாளைக்கு நானும் போவல்லேன்னா ராசி இல்லாதவன்னு சொல்லிச் சொல்லியே கொன்னுருவானுவ."

எழுந்து பெட்டியைத் தலையில் ஏற்றினார். "உனக்க தடம் எங்கலே? காட்டு. நீ முன்னால நட."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் ஒருவனுக்குப் பின்னால் நடந்தார். இருட்டுமுன் ஒரு பாறைப் பொந்து கிடைத்தது. இரவை அங்கே போக்கிவிட்டு, மறுநாள் ஆராதனை மணி அடிக்கும் நேரத்துக்குப் பெண் ஊர்க் கோயில் வாசலில் போய் நின்றோம்.

பெட்டியிலிருந்து எடுத்து மாட்டிய கறுப்புக் கோட்டுக்குக் கீழே வெள்ளைக் காற்சட்டை முழுக்க ரத்தம். நெற்றியில் காயம். பெண்ணின் தாய்மாமன் எங்களைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏல, எல்லையில போலீசு மாப்பிளைய என்னமா அடிச்சிருக்கானுவ பாருங்கடே!"

பிறகு நடந்ததை யாராலும் நிறுத்த முடியவில்லை. கோஷம் எழுந்தது. பெண்ணுக்கு என்று கட்டிய மாலையில் ஒன்றை எடுத்து அவர் கழுத்தில் போட்டார்கள். ஒரு பெஞ்சியின் மேல் ஏற்றி, "போராட்ட வீரர் ரெண்டு வார்த்தை பேசணும்" என்றார்கள். குறுக்குவழி வாயைத் திறந்தார். ஓடை, அட்டை, வாழைப்பழத் தோல், யானை என்று எல்லாவற்றையும் சொல்ல எவ்வளவு நேரமாகும் என்று யோசித்திருக்க வேண்டும். வாயை மூடிக் கும்பிட்டுவிட்டார். அதுதான் குறுக்குவழி. கைதட்டல் அடங்கத் தாலி கட்டும் நேரமே தாண்டிவிட்டது.

சாப்பாட்டுப் பந்தியில் தோழன் என்பதால் நான் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். மணப்பெண் குனிந்து அவர் கணுக்காலைப் பார்த்தாள். அடிவாரத்துப் பெண், அட்டைக்கடி தெரிந்தவள். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வெற்றிலைத் தட்டிலிருந்து சுண்ணாம்பை எடுத்து, ரத்தம் நிற்காத இடத்தில் வைத்து அழுத்தினாள்.

"இந்தப் போலீசுக்குப் பல்லு எத்தன?" என்று மெதுவாகக் கேட்டாள்.

குறுக்குவழியின் சோற்றுருண்டை வாய்க்குப் போகாமல் நின்றது. "மனசிலாயிட்டா?"

"மலையேறியா வந்திய? எனக்காகவா?"

"இல்ல. ரோட்டுல பஸ் ஓடல்ல" என்றார், உள்ளதை உள்ளபடியே.

அவள் இலையை மறைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

கலவரம் ஓய்ந்ததும் மூன்று பேரும் ஊர் திரும்பினோம். திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டில் நாகர்கோவிலுக்கு நேர் பஸ் தயாராக நின்றது. குறுக்குவழி வேறொரு பஸ்ஸில் அவளை ஜன்னலோரம் உட்காரவைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இது திருச்செந்தூர் போயி ஊரெல்லாம் சுத்தும். நேர் பஸ் அங்க உண்டு."

"சுத்தட்டும்லே" என்றார். "அவ கடல் பாத்ததே இல்லையாம்."