பெருங்காயத்தின் மேல் சுற்றிய பிரான்ஸ்

பெருங்காயம் எங்கே மணத்தாலும் எனக்குப் பசி வராது, பொறாமை வரும். திருவனந்தபுரத்திலேயே அதிகம் வாசிக்கப்பட்ட எழுத்தாளர், சாலைக் கடைத்தெருவில் பெருங்காயம் விற்ற பாரீஸ் அண்ணாச்சிதான்.

பாரீஸை அவர் பார்த்ததில்லை. பழைய காகிதக் கடையில் கிடைத்த பிரெஞ்சு அகராதியின் இரண்டாம் பாதிதான் அவர் சொத்து. எம் தொடங்கி இசட் வரை. அதில் புரட்சி இருந்தது, அரசியல் இருந்தது, மரணம்கூட இருந்தது. காதல் முதல் பாதியோடு போய்விட்டது. "சாரமில்ல, போட்டும் வே, அது இல்லாமலும் அரசியல் எழுதலாம்" என்பார்.

அந்த நாட்டு எழுத்தாளர்கள் அரசனை எதிர்த்துத் துண்டுப்பிரசுரம் போட்டதாக எங்கோ படித்தார். அன்று முதல் அவரும் அந்தப் பரம்பரை. வாரம் ஒரு மந்திரிக்குப் பகிரங்கக் கடிதம். எந்தப் பத்திரிகையும் சீந்தவில்லை. தானே அச்சடித்துப் பெருங்காயப் பொட்டலத்தின் மேல் சுற்றி விற்றார். கோட்டைக்குள் இருக்கும் அக்ரஹாரத்தில் சாம்பார் கொதிக்காத வீடு ஏது?

"அண்ணாச்சி, போன வாரத்தது கிழிக்கறச்சே பாதி போயிடுத்து. மந்திரியை அப்புறம் என்ன கேட்டேள்?" என்று அக்ரஹாரத்து மாமி ஒருத்தி விசாரித்ததை என் காதாலேயே கேட்டேன். கரமனை ஆற்றின் மேல் விழுந்து விழுந்து உடையும் மாலை வெயிலை நான் பதினாறு வருடம் எழுதியிருக்கிறேன். ஒரு மாமியும் மீதி என்னவென்று கேட்டதில்லை. சொந்தச் செலவில் அச்சடித்த வசன கவிதைத் தொகுப்பு விற்காமல் கட்டுக்கட்டாகக் கட்டிலுக்கடியில் கிடந்தது. ஒரே ஒரு கவிதையை மட்டும் அண்ணாச்சியிடம் படிக்கக் கொடுத்திருந்தேன்.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. ஆய்வுக்காக வந்து கோட்டைக்குள் குடியிருந்த பிரெஞ்சுக்காரி ஒருத்தி, சமையலறையில் அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு அண்ணாச்சியைப் பார்க்க வருகிறாளாம். எனக்கு வயிறு எரிந்தது. வசன கவிதையே அவர்கள் நாட்டுச் சரக்கு. வாரிசு நான் இருக்க, இந்த மனுஷனா? தொகுப்பில் ஒரு பிரதியைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு கடையில் போய் நின்றேன்.

அவள் பிரெஞ்சில் வணக்கம் சொன்னாள். அண்ணாச்சி விழித்தார், வணக்கம் முதல் பாதி. சுதாரித்துக்கொண்டு, பிரெஞ்சில் "புரட்சி!" என்று முழங்கினார். அவள் சிரித்துவிட்டு, புதுச்சேரியில் படித்த தமிழுக்கு மாறினாள்.

"இந்த வாரக் கடிதம் எந்த மந்திரிக்கு, ஐயா?"

"இந்த வாரம் மந்திரிக்கு லீவு" என்று ஒரு பொட்டலத்தை நீட்டினார்.

அவள் பிரித்து வாசித்தாள். கரமனை ஆறு. மாலை வெயில். கீழே என் பெயர். பைக்குள் விட்ட கை அங்கேயே நின்றுவிட்டது.

இரண்டு முறை வாசித்தாள். காகிதத்தை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள். பெருங்காயத்தை மறந்துவிட்டுப் போனாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே அண்ணாச்சி?"

"கேட்டா விட்டிருப்பீரா? கவிதைக்கு மானம் போச்சுன்னு குதிச்சிருப்பீரு."

படி இறங்கினேன். பின்னாலிருந்து அவர் குரல்:

"ஓய் கவிஞரே! அந்த மாமி காலையிலயே வந்து கேட்டாச்சு, வெயிலு உடைஞ்சதுக்குப் பெறகு என்னாச்சுன்னு. மீதியக் கொண்டாரும். நீளம் வேண்டாம், அம்பது கிராம் பொட்டலத்துல அடங்கணும், கேட்டேரா?"