குளிகையில் போட்ட டிரைவர்

அன்றைய வேலை சின்னது. ஒரு கம்ப்யூட்டரில் இரண்டு டிரைவர்களை மாற்றிப் போட்டு, எது வேகம் என்று பார்த்து, சாயங்காலத்துக்குள் அரைப் பத்தி எழுதிக் கொடுக்க வேண்டும்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள். எங்கள் பத்திரிகை வாரம் ஒரு கம்ப்யூட்டர் பக்கம் போட ஆரம்பித்திருந்தது. கோவில்பட்டியில் அதற்கு ஆள் தேடி, கண்ணாடி போட்ட ஒரே நிருபரான என்னைப் பிடித்தார்கள்.

கிராபிக்ஸ் டிரைவர் என்பது திரையில் படம் காட்டுகிற கார்டை ஓட்டும் மென்பொருள். காசில்லாமல் கிடைக்கிற இயங்குதளமான லினக்ஸில் அது இரண்டு வகை. ஒன்று, ஊர் உலகமெல்லாம் சேர்ந்து எழுதியது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்கலாம். இன்னொன்று, கார்டு செய்த கம்பெனி தருவது. சும்மாதான் தருவார்கள், திறக்க விடமாட்டார்கள்.

என்னிடம் கம்ப்யூட்டர் கிடையாது. முருகேசனிடம் இருந்தது. தீப்பெட்டிகளுக்கு லேபிள் வரைகிறவன். மென்பொருளுக்குக் காசு கொடுக்க வழியில்லாமல் லினக்ஸுக்கு வந்தவன். கேட்டால் கொள்கை என்பான்.

அன்றைக்கு முடியாது என்று இழுத்தான். தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிற அண்ணாச்சி ஒருவர் பதினோரு மணிக்குப் புது லேபிள் பார்க்க வருகிறாராம். மயில் படம். பிடித்துவிட்டால் இனி அவருடைய லேபிள் எல்லாம் முருகேசனுக்கு. இல்லாவிட்டால் சிவகாசிக்குப் போய்விடும். அன்று புதன்கிழமை, பத்தரைக்குக் குளிகை; அதில்தான் முதலில் பார்ப்பாராம். குளிகையில் நடப்பது திரும்பத் திரும்ப நடக்கும் என்பது வியாபாரிகள் நம்பிக்கை. பன்னிரண்டு அடித்தால் ராகுகாலம்.

பத்து நிமிஷ வேலை என்றேன். 'பணி விரைவில் முடியும்' என்று அதிகாரிகள் சொன்னதை எத்தனையோ முறை செய்தியாக்கியவன் நான். என் வாயிலிருந்து வந்தபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை.

முதலில் பொது டிரைவர். வேகத்தை அளக்க, திரையில் மூன்று பல்சக்கரங்களைச் சுற்றவிடுவார்கள். மூன்றும் விருந்துச் சாப்பாடு முடித்து எழுந்தவை போலச் சுற்றின. குறித்துக்கொண்டேன்.

அடுத்தது கம்பெனி டிரைவர். இன்டர்நெட் சென்டரில் இறக்கி சிடியில் கொண்டுவந்திருந்தேன். போட்டதும் நீளமாக ஓர் ஒப்பந்தம் வந்தது. படிக்காமல் சம்மதம் சொன்னேன். சக்கரங்கள் பல் தெரியாமல் பறந்தன.

அத்தோடு எழுந்திருக்கலாம். இன்னும் வேகம் கிடைக்குமா என்று ஓர் அமைப்பை மாற்றி, கம்ப்யூட்டரை அணைத்து ஏற்றினேன். அதற்குள் குளிகை பிறந்திருந்தது.

திரை கறுத்தது.

கறுத்தபடியே இருந்தது.

வாசலில் செருப்புச் சத்தம். அண்ணாச்சி தேங்காய் பழப் பையோடு வந்து திரைக்கு முன்னால் நின்றார்.

"என்னவே இது, மழ பெஞ்ச கரிசக்காடு மாதிரில்லா கெடக்கு. மயில எங்கன?"

திரை சூடாகிக்கொண்டிருக்கிறது என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார்.

"குளிகையில மொதல்ல கண்டதே இருட்டுன்னா, இனி ஒவ்வொரு லோடுக்கும் இதுதானவே வரும்?"

பையை எடுத்துக்கொண்டு திரும்பினார். முருகேசனின் கண்ணில் சிவகாசி பஸ் தெரிந்தது.

"அண்ணாச்சி, நீங்க கண்ணாடி போடலியே," என்றான். "கண்ணாடி போடாமப் பாத்தது பாத்த கணக்குல வராதுல்லா."

அண்ணாச்சி சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். கண்ணாடி அங்கேதான் இருந்தது. வாதத்தில் நியாயம் இருப்பதாக அவருக்குப் பட்டிருக்க வேண்டும். பன்னிரண்டு வரை பார்க்கிறேன் என்று வெளியே போய் உட்கார்ந்தார்.

பழைய டிரைவருக்குத் திரும்ப, ஒரு கோப்பில் ஒரே ஒரு சொல்லை மாற்றினால் போதும். சொல்லைத் திருத்துவது என் பிழைப்பு. அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளாகத் தட்டித் தட்டித் தேடினேன். முருகேசன் பின்னால் நின்று, வெளியே கேட்காத குரலில் என் வம்சத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.

"ஒம்ம பத்திரிகைய இனிமே வட மடிக்கக்கூட வாங்க மாட்டேன்வே," என்று முடித்தபோது கோப்பு அகப்பட்டது.

சொல்லை மாற்றினேன். திரை வந்தது. பன்னிரண்டுக்குக் கொஞ்ச நேரம்தான் பாக்கி. அண்ணாச்சி கண்ணாடியோடு வந்து நின்றார். முருகேசன் லேபிளைத் திறந்தான்.

படம் பெரியது. பொது டிரைவர் அதை மேலிருந்து கீழே, பட்டை பட்டையாகத்தான் வரைந்தது. முதலில் கொண்டை. கொஞ்சம் யோசித்துக் கழுத்து. பிறகு தோகை, ஒவ்வொரு கண்ணாக. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நிமிர்ந்தபோது அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். கை கூப்பியிருந்தது.

"கோயில் நட தொறந்த மாதிரி இருக்குலே முருகேசா. இதையே அடிச்சிரு."

உறுத்தல் தாங்காமல், இதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் காட்டுகிற டிரைவரும் இருக்கிறது என்று சொல்லிவைத்தேன். முருகேசன் என் காலை மிதித்தான்.

"கண்ண மூடித் தொறக்குமுன்ன காட்டிட்டா நான் எதப் பாக்க?" என்றார் அண்ணாச்சி. "எங்க ஆபீசுல எல்லாரும் வேகமா ஓடுனது ஒரே ஒரு நாளுதான்வே. தீப்பிடிச்ச அன்னைக்கு."

அரைப் பத்தி எழுதிக் கொடுத்தேன். வேகத்தில் கம்பெனி டிரைவர் முதலிடம். வேலைக்கு ஆனது மற்றது என்று. இரண்டாவது பாதியை ஆசிரியர் இடமில்லை என்று வெட்டிவிட்டார்.

அந்த மயில் அதன்பிறகு பல வருஷம் திரும்பத் திரும்ப அச்சானது. கம்பெனி டிரைவரை நான் எப்போது போட்டாலும் அந்தத் திரையும் திரும்பத் திரும்பக் கறுத்தது.

குளிகை ஆள் பார்த்து வேலை செய்வதில்லை.