ஆமென் சொல்ல ஓர் ஆள்

பழவேற்காடு ஏரிப் பக்கம் சாமிகள் யாரும் கண் அசரவே இல்லை என்றால், அதற்கு ஒரே மனிதர்தான் காரணம். ஊரே அவரை ‘ஆமென்’ என்றுதான் கூப்பிட்டது. ஏரியில் இறங்கிக் கையால் நண்டு பிடிப்பவர், அறுபதைத் தாண்டியவர். அந்தக் குப்பத்து ரேஷன் கடையில் நான் வேலை பார்த்த மூன்று வருஷமும் அவர் குரலுக்கு என் தராசே ஆடியது.

“சர்க்கரை அடுத்த வாரம்தான்” என்பேன். “ஆமென்!” என்று ஓர் அதிர்வேட்டு கிளம்பும். அதற்குமேல் வரிசையில் யாருக்கும் சண்டை போட வாய் வராது.

துறைமுகத்தைப் பெரிதாக்குவது பற்றிப் பேச ஓர் அதிகாரி வந்தார். “உங்க ஏரிக்கு ஒண்ணும் ஆகாது” என்றார். எல்லோரும் ஆமெனைத் திரும்பிப் பார்த்தார்கள். சத்தமே இல்லை.

“இன்னா பெரியவரே, ஆமென் சொல்லல?” என்றார் கூட்டத்தில் ஒருவர்.

“நம்பிக்கை வந்தா சொல்ல மாட்டனா?”

ஒரு ஞாயிறு காலை, மழைக்குக் குப்பத்து சர்ச்சில் ஒதுங்கினேன். பாஸ்டர் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற வாரங்களில் ஊர், வீட்டிலிருந்தே செல்போனில் ஆராதனை பார்த்துக்கொள்ளும். உள்ளே ஆமென் மட்டும். முன்னால் நின்று ஜெபம் செய்தார். முடித்ததும் விடுவிடுவென்று கடைசி பெஞ்சுக்கு ஓடி உட்கார்ந்து, “ஆமென்!” என்றார். நெற்றி நிறைய விபூதியோடு நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன்.

“எதுக்குங்க இந்த ஓட்டம்? வீட்லயே போன்ல பாக்கலாமே?”

“என் புள்ளயும் அதான் சொல்றான். ‘நைனா, எல்லாம் போன்லயே வருது’ன்றான். நல்லாத்தான் கீது சார். ஆனா நாம அழுதா அது நிக்க மாட்டேங்குது. அது பாட்டுக்கு ஓடிக்கினே கீது.”

என் சிரிப்பு போய்விட்டது. அன்று அவர் மனைவி இறந்து ஒரு வருஷமாம். மகனுக்கு லீவு கிடைக்கவில்லை.

“நான் ஜெபம் பண்றேன். நீங்க ஆமென் சொல்றீங்களா சார்?”

“நான் உங்க மதம் இல்லியே.”

“சாமி கேட்டா நான் பேசிக்கிறேன்.”

அவர் ஜெபித்து முடித்ததும் சொன்னேன். கூச்சத்தில் குரல் எழும்பவில்லை.

“சத்தமா சொல்லு சார். அவளுக்குக் காது கேக்காது. ஜெபம் முடிஞ்சிச்சினு தெரியாம, கண்ண மூடிக்கினே உக்காந்துனு இருப்பா.”

மறுபடி சொன்னேன், தொண்டை கிழிய. தெரு நாய் குரைத்தது. அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

வேறு ஊருக்கு மாற்றலாகும்வரை ஞாயிறுதோறும் போனேன். பக்தியா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நான் வருவேன் என்று அவர் பெஞ்சில் ஓர் இடத்தைத் துடைத்து வைத்திருப்பார்.