கீழே எழுத்து வரவில்லை

உலகத்தில் ஆங்கிலம் தெரிந்தவர்கள் உண்டு, தெரியாதவர்கள் உண்டு; இரண்டு கட்சியிலும் சேராமல் நடுவில் ஓர் இனம் உண்டு. அது ஆங்கிலம் கற்றுக்கொண்டே இருக்கிற இனம். தேடி அலைய வேண்டாம். பஸ்ஸில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "தி டக் இஸ் ஈட்டிங் பிரெட்" என்று ஜன்னல் கம்பியிடம் சொல்லிக்கொண்டே போகிறாரே, அவர்தான். வாத்து ரொட்டி தின்றால் இவருக்கென்ன வந்தது? கேட்டுத் தொலைக்காதீர்கள், உங்களையும் சொல்லச் சொல்வார்.

நான் சொல்லப்போகிறவர் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அங்கே எல்லோரும் அவரை 'சப்டைட்டில் சார்' என்பார்கள், முதுகுக்குப் பின்னால்தான். போனில் நாலு ஆங்கில ஆப் வைத்திருக்கிறார். ஒன்றில், ஒருநாள் பாடத்தைத் தவறவிட்டாலும் ஒரு பச்சைக்கிளி கண்ணீர் விட்டு அழும். மாமனாரை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றுகூட, ஸ்ட்ரெச்சருக்குப் பின்னால் ஓடியபடியே கிளியைச் சமாதானப்படுத்தியவர் இவர். மாமனாரை யார் சமாதானப்படுத்தியது என்று தெரியவில்லை.

மற்ற பாடமெல்லாம் கொலைகாரனைத் துப்பறியும் வெளிநாட்டு சீரியல்களில். கீழே ஓடும் எழுத்தைப் படித்துப் படித்து, கத்திக்குத்து, விரல்ரேகை, பிணப் பரிசோதனை எல்லாவற்றுக்கும் ஆங்கிலம் கற்றுவிட்டார். சட்டைக் காலர் ஏன் கோணிக்கொண்டது என்று ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் மட்டும் தொண்டையைக் கனைப்பார். ஆனால் அடுத்தவரைத் திருத்துவதில் சூரன்.

"பிரிஜ்ஜை மூடுங்க, கரண்ட் வீணாப் போகுது" என்பாள் மனைவி.

"ஃப்ரிட்ஜ்! ஃப்! மேல் பல்லு உதட்டுல படணும்."

"இப்ப என் பல்லு உங்க மேல படும். முதல்ல மூடுங்க."

இப்படி இருக்கையில் ஏற்றுமதி மேனேஜரின் இடம் காலியானது. தனி அறை, நாற்காலி, நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கிற வேலை. அவர் ஆசைப்பட்டதும் சும்மா இல்லை, தையல் மெஷின்களுக்கு நடுவே நின்று நின்று சப்டைட்டில் சாருக்குக் கெண்டைக்கால் நரம்பெல்லாம் புடைத்துக் கிடந்தது. முதலாளி கூப்பிட்டார். "துணி வாங்குற வெளிநாட்டுக்காரர் வர்றாரு. நீங்களே சுத்திக் காட்டுங்க. நல்லபடியா முடிஞ்சா அந்த ரூம் உங்களுக்குத்தான்."

மனைவிக்கும் ஆசை. "இந்தத் தடவை கோட்டை விட்டுடாதீங்க. உங்க காலை அமுக்கி அமுக்கி என் கை தேஞ்சு போச்சு."

வந்தார் வெளிநாட்டுக்காரர். நீண்ட பயணம் போலிருக்கிறது, காரிலிருந்து இறங்கியதும் இறங்காததுமாக மடமடவென்று என்னவோ சொன்னார். சப்டைட்டில் சாரின் கண் பழக்கதோஷத்தில் அவர் முகத்தை விட்டு இறங்கி, நெஞ்சுக்குக் கீழே, வழக்கமாக எழுத்து ஓடும் இடத்தில் போய் நின்றது. எழுத்து வரவில்லை. வந்தவர் பதறிப்போய்த் தம் டையைத் தூக்கிப் பார்த்தார். கறை எதுவும் இல்லை. மறுபடியும் சொன்னார். மறுபடியும் கண் அங்கேயே போனது. அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

மூன்றாம் முறை ஒரு சொல் பிடிபட்டது. வாஷ்ரூம்! அடடா, துணி துவைக்கிற இடத்தைப் பார்க்கத்தான் இவ்வளவு அவசரமா? எவ்வளவு தொழில் பக்தி! "கம், கம்" என்று, கட்டிங், தையல், இஸ்திரி எல்லாவற்றையும் தாண்டி, கடைசிக் கொட்டகைக்கு அவரை நடத்திப் போனார்.

அங்கே பெரிய பெரிய மெஷின்கள் உறுமின. குழாய்களில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. "திஸ் இஸ் வாஷ்ரூம்!" என்று இவர் நெஞ்சை நிமிர்த்தினார். "பிக் மெஷின்! மச் வாட்டர்!"

வெளிநாட்டுக்காரர் ஒரு காலை இன்னொரு காலோடு பின்னிக்கொண்டார். "நோ, நோ! ப்ளீஸ்!"

"ஓ! மோர்?" என்று இன்னொரு குழாயையும் திறந்துவிட்டார் நம்மவர்.

நல்லவேளை, முதலாளி வந்துவிட்டார். வந்தவரின் முகத்தை ஒரு பார்வை பார்த்தார், கையைப் பிடித்துக் கழிவறைப் பக்கம் இழுத்துக்கொண்டு ஓடினார். அதற்கு எந்த மொழியும் தேவைப்படவில்லை.

சாயங்காலம் முதலாளி கேட்டார்: "என்ன சார், இத்தனை வருஷமா என்னத்தைத்தான் படிச்சீங்க?"

"அவரோட உச்சரிப்பு சரியில்லை சார்."

அறை முதலாளியின் மைத்துனனுக்குப் போனது. அவனுக்குத் தெரிந்தது யெஸ், நோ இரண்டுதான். ஆனால் ஒரு மனுஷன் எதற்காக நெளிகிறான் என்று தெரியும்.

வீட்டில் மனைவிக்கு அவர் முகமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவமானம் பொறுக்காமல் போனை எடுத்தார். எடுத்து, வெளிநாட்டுக்காரர் வேகத்தைப் புரியவைக்கும் ஆப் ஏதாவது இருக்கிறதா என்று தேடினார். இருந்தது. ஐந்தாவது.

"அதைக் கீழ வச்சுட்டுக் காலை நீட்டுங்க" என்றாள் அவள், தைலப் புட்டியைத் திறந்துகொண்டு.

சிரிக்கிறீர்கள், நன்றாகச் சிரியுங்கள். உங்களுக்கென்ன, நீங்கள் அவரைப் போலவா? 'இங்கிலீஷ் தெரியுமா?' என்று யாராவது கேட்டால், நீங்கள் தலையை லேசாகச் சாய்த்து, அடக்கமாகப் புன்னகைத்து, "பேசினா நல்லாப் புரியும், திருப்பிப் பேசத்தான் கொஞ்சம் வராது" என்றுதானே சொல்வீர்கள்?

சுற்றிக் காட்டச் சொல்வதற்கு முன் முதலாளி கூப்பிட்டுக் கேட்டபோது அவரும் அதையேதான் சொன்னார்.