எட்டுப் பிள்ளைகள் ஆறாகிப் பன்னிரண்டான விவரம்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் அக்காவும் மக்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் சுகத்தைப் பற்றி எழுதலாமென்றால் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. இந்தக் கடிதத்தைக்கூட மாடிப்படியில் உட்கார்ந்து, முழங்கால்மேல் ஒரு சின்னக் கரும்பலகையை வைத்துத்தான் எழுதுகிறேன். பலகையின் பின்பக்கம் ஒரு யானை இருக்கிறது. யானை என்று நான்தான் சொல்கிறேன்; வரைந்தவள் அது நான்தான் என்கிறாள்.

மச்சான், குற்றம் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். ஆனால் எல்லாம் தாங்கள் பேசிய அந்த ஒரு போனில் ஆரம்பித்தது. "வீட்ல வச்சுக் குழந்தைகளைப் பாத்துக்கறவங்களுக்கு அரசாங்கம் நிதி கொடுக்குதாம்மா. இன்னும் நாலு புள்ளைங்களைச் சேக்கற மாதிரி இடத்தைப் பெருசாக்கணும், அவ்வளவுதான். திருப்பிக் கட்டவே வேண்டாமாம்" என்று சொல்லிவிட்டுத் தாங்கள் போனை வைத்துவிட்டீர்கள். உங்கள் தங்கைதான் இன்னும் வைக்கவில்லை.

அவள் வீட்டில் எட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள் என்பது தங்களுக்குத் தெரியும். உரிமமும் எட்டுக்குத்தான். அம்மாக்கள் காலையில் விட்டுவிட்டு வேலைக்குப் போய் மாலையில் வந்து கூட்டிப்போவார்கள். நானோ ஆயுசு முழுக்கப் பஸ்ஸில் கண்டக்டராக நின்றுகொண்டே சம்பாதித்தவன். இனி உட்கார்ந்தே இருப்பது என்று முடிவு செய்து, ஹாலை ஒட்டிய சின்ன அறையில் ஒரு கட்டில், ஒரு ரேடியோ, ஒரு மேசைவிசிறி என்று நிம்மதியாக இருந்தேன். இதற்கு நடுவில் பக்கத்து ஆஸ்பத்திரி நர்ஸ் பெண் ஒருத்தி வாரம் தவறாமல் வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தாள். இரட்டைக் குழந்தைகள். பார்த்துக்கொண்டிருந்த அத்தை வேறு ஊருக்குப் போய்விட்டாள். "இடம் ஏதாச்சும் வந்துச்சாக்கா?" என்று கேட்பாள். இவள் இல்லை என்று தலையை ஆட்டுவாள். கடைசியாக வந்தபோது, "லீவெல்லாம் தீந்துபோச்சுக்கா. அடுத்த மாசக் கடைசிக்குள்ள வரலைன்னா வேற ஆளைப் போட்டுக்குவோம்னுட்டாங்க" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல் இரண்டையும் இரண்டு இடுப்பிலும் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். உங்கள் தங்கை அடுப்படியில் போய் நின்றாள். அடுப்பு எரியவில்லை, அவளும் எதுவும் செய்யவில்லை, சும்மா நின்றாள். பார்க்கச் சகிக்காமல் நான் போய், "எட்டுன்னா உக்காந்து எட்டா? நிக்கறவங்க கணக்கு தனியா இருக்குமே?" என்று கேட்டேன். நல்லெண்ணத்தோடுதான் கேட்டேன். அவள் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

உடனே நிதி கொடுக்கும் அலுவலகத்துக்குப் போன் போட்டோம். ஒரு அதிகாரி அம்மா எடுத்தார். ரொம்ப நல்ல மாதிரி. அதுதான் எனக்கு அதிகக் குழப்பம். கடுமையாகப் பேசியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன்.

"பணம் எப்பங்க வரும்?" என்றேன்.

"இடத்தைக் காட்டினதும் வரும் சார்."

"பணம் வந்தாத்தானேங்க இடத்தைப் பெருசாக்க முடியும்?"

"ஆமா சார், நீங்க சொல்றது ரொம்பச் சரி."

"அப்ப முதல்ல எதுங்க?"

"ரெண்டும்தான் சார்."

பிறகு ஒரு நாள் முதல் தவணை வந்தே விட்டது. எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. அந்த அம்மாவுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் போன் பண்ணிச் சொன்னபோது, "அப்படியா! ரொம்ப சந்தோஷம் சார்!" என்று ஆச்சரியப்பட்டார். பணம் வந்த மறுநாளே கொத்தனார் வந்து ஹாலுக்கும் என் அறைக்கும் நடுவிலிருந்த சுவரைத் தட்டிப் பார்த்து, "இது சும்மா நிக்கற சுவருதான், எடுத்துடலாம்" என்றார். அந்தச் சுவரைப்போலவே நானும் சும்மா நின்றுகொண்டிருந்தேன், என்னை யாரும் கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் எனக்கு அறை இல்லை. கட்டிலைப் பிரித்துப் பரண்மேல் போட்டார்கள். ரேடியோவின் கம்பி குழந்தைகள் கண்ணில் குத்துமென்று அதுவும் மேலே போயிற்று. சரி, ராத்திரி ஹாலில் பாய் போட்டுக்கொள்கிறேன், பகலில் ஒரு மூலையில் இருக்கிறேன் என்றால், அதிகாரி அம்மா போனில், "வீட்ல வேற பெரியவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்.

"நான் இருக்கேங்க."

"நீங்க குழந்தைகளைப் பாத்துக்கறவரா?"

"இல்லீங்க, சும்மா இருக்கறவன்."

"சும்மா இருக்கறவங்க குழந்தைங்க இருக்கற இடத்துல இருக்கக்கூடாது சார்."

வீடே இப்போது குழந்தைகள் இருக்கிற இடம்தான். அப்படியானால் நான் எங்கே என்று கேட்டேன். "ரூல்ஸ்ல அதைப் பத்தி எதுவும் சொல்லலை சார்" என்றார், பாவம், உண்மையான வருத்தத்தோடு.

ஆகவே காலையில் முதல் குழந்தை வரும் நேரத்துக்கு நான் வெளியே போய்விடுவேன். எங்கே போவது? கால் தானாகப் பஸ் நிறுத்தத்துக்குப் போயிற்று. என்னோடு வேலை பார்த்த டிரைவர் ஒருத்தர் வண்டியை நிறுத்தி, "என்னண்ணே, வீட்ல சண்டையா?" என்று கேட்டார்.

"இல்லப்பா, விரிவாக்கம்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் ஏறச் சொன்னார். அன்று தொடங்கி, போய்த் திரும்பி, போய்த் திரும்பி, மாலை வரைக்கும் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருப்பது என் வேலையாயிற்று. பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது ஆயுசில் அப்போதுதான்.

இப்படியிருக்க, சுவர் இடித்த கையோடு கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விட்டார். தரையெல்லாம் செங்கல் பொடி. இவள் பழைய ஹாலுக்கு நடுவே ஒரு திரையைக் கட்டிச் சமாளித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து அதிகாரி அம்மா அளவெடுக்க வந்தார். எல்லாம் அளந்தார், திரையைத் தூக்கிப் பார்த்தார், கொஞ்சம் யோசித்தார். "வேலை நடக்கற பகுதியைக் கணக்குல சேக்க முடியாதுங்க. திரைக்கு இந்தப் பக்கம் இருக்கற இடத்துக்கு ஆறு குழந்தைங்கதான் சரியா வரும். வர்ற திங்கக்கிழமை வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள வேலையை முடிச்சுடுங்க, இல்லைன்னா ரெண்டு பேரை அனுப்பிடுங்க."

மச்சான், நான் அதிகம் படித்தவனல்ல, ஆனால் ஆள் கணக்கில் யாரும் என்னை ஏமாற்ற முடியாது. நிதி வாங்குவதற்கு முன் எட்டு. இன்னும் நாலு பேரைச் சேர்ப்பதற்காக நிதி வாங்கினோம். வாங்கிய பின் ஆறு. இதை நான் விரலை மடக்கியும் பார்த்தேன், பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதியும் பார்த்தேன். எப்படிக் கூட்டினாலும் குறைகிறது.

அன்று சாயங்காலம் நான் திரும்பியபோது குழந்தைகளெல்லாம் போயிருந்தார்கள். உங்கள் தங்கை ஒரு குட்டி நாற்காலியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சண்டை போட்டிருந்தால் எனக்குத் தைரியமாக இருந்திருக்கும். மெதுவாகக் கேட்டாள்: "நீங்க எவ்வளவோ பேரை இறக்கி விட்டிருப்பீங்களே, இவரு இறங்கணும், இவரு இருக்கலாம்னு எப்படி முடிவு பண்ணுவீங்க?"

"அவங்களுக்குப் பின்னாடி இன்னொரு பஸ் வரும்" என்றேன்.

"இதுங்களுக்கு வராதுங்க" என்றாள். "துணி தைக்கற அம்மா ஒரு நாள் போகலைன்னா அந்த நாள் கூலி போச்சு. அந்த ஓட்டல்காரப் பையன் ஒத்தை ஆளா புள்ளையை வளக்கறான். யார்கிட்டப் போய் நான் சொல்றது?"

மறுநாள் நான் பஸ் ஏறவில்லை. கொத்தனார் எங்கே வேலை பார்க்கிறார் என்று விசாரித்துக்கொண்டு போய், அங்கே குவித்திருந்த மணல்மேல் உட்கார்ந்துவிட்டேன். "நாளைக்கு வந்துடறேன் சார்" என்றார். "சரி, அதுவரைக்கும் இங்கயே இருக்கேன்" என்றேன். மத்தியானம் வரை பொறுத்தார். பிறகு அந்த வீட்டுக்காரரே, "இவர் யாரு? ஏன் என் மணல்மேல உக்காந்திருக்காரு?" என்று சத்தம் போட, கொத்தனார் கரண்டியைத் தூக்கிக்கொண்டு என்னோடு கிளம்பினார். சித்தாள் வேலைக்கு வேறு ஆள் இல்லை, நான்தான். கலவை சுமந்தேன், தண்ணீர் ஊற்றினேன், குழந்தைகளுக்கென்று புதிதாகக் கட்டிய குட்டிக் கழிப்பறைக்குச் சாயமும் நானே அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்தது. யாரையும் அனுப்பவில்லை.

அத்தோடு முடிந்ததா? அதிகாரி அம்மா, "இடம் பன்னிரண்டு பேருக்குச் சரியா இருக்கு. ஆனா பயிற்சி எடுத்த ஆள் இன்னொருத்தர் வேணும்" என்றார். தேடினோம், யாரும் அகப்படவில்லை. உங்கள் தங்கை என்னைப் பார்த்தாள். நான் எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

பயிற்சி வகுப்பில் எல்லாரும் என் மகள் வயதுப் பெண்கள். சொல்லிக்கொடுத்தவள் அதைவிடச் சின்னவள். "குழந்தை அழுதா முதல்ல என்ன செய்வீங்க?" என்று கேட்டாள். "எங்க இறங்கணும்னு கேப்பேன்" என்றேன், வாய் பழக்கத்தில். வகுப்பே சிரித்தது. ஒரு பிளாஸ்டிக் பொம்மைக்குத் துணி மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன், தூக்கினால் துணி கீழே, பொம்மை மேலே. எப்படியோ தேர்ச்சி என்றார்கள். எதில் தேர்ந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வேலையில் சேர்ந்த பின் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். குழந்தைகளை வரிசையாக ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொள்ளச் சொல்லி, விசில் ஊதி, பஸ் ஓட்டினேன். நாங்கள் 'மேனேஜர்' என்று கூப்பிடும் ஒரு நாலு வயதுப் பெண் இருக்கிறாள். கரும்பலகையில் என்னை வரைந்தவள் அவள்தான். டிக்கெட் கொடுப்பதை அவள் எடுத்துக்கொண்டாள்.

கடைசிச் சோதனைக்கு அதிகாரி அம்மா வந்தார். தீப்பிடித்தால் குழந்தைகளை எப்படி வெளியே கொண்டுபோவீர்கள் என்று செய்து காட்ட வேண்டும். நான் விசிலை ஊதினேன். எட்டும் சட்டையைப் பிடித்துக்கொண்டு, ஒன்றையொன்று தள்ளாமல், வாசல் தாண்டி, கேட் தாண்டி, மரத்தடியில் போய் நின்றன. எண்ணினேன், எட்டு. எனக்கே பெருமையாக இருந்தது. அதிகாரி அம்மா என்ன சொல்கிறார் என்று திரும்பினால் அவரைக் காணோம்.

வீட்டுக்குள்ளிருந்து தட்டும் சத்தம். குட்டிக் கழிப்பறையின் உயரத்தை அளக்க உள்ளே போனவரை யாரோ வெளியே தாழ் போட்டு அடைத்துவிட்டார்கள். யாரென்று கேட்க வேண்டியதே இல்லை.

"ஏம்மா அவங்களை உள்ள வச்சுப் பூட்டினே?" என்றேன்.

"அவங்க டிக்கெட் எடுக்கலை" என்றாள் மேனேஜர்.

கதவைத் திறந்தபோது அந்த அம்மாவின் முழங்கையில் நான் அடித்த பச்சைச் சாயம். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். உங்கள் தங்கை அன்று சாப்பிடவில்லை. நானும், சாப்பிட்டேன்தான், ஆனால் கொஞ்சமாக.

மறுநாள் போன். "பன்னிரண்டுக்கு அனுமதி கொடுத்தாச்சு சார். ரெண்டே ரெண்டு விஷயம். வெளித்தாழைக் கழட்டிடுங்க. அப்புறம், அடுத்த தடவை பெரியவங்களையும் எண்ணுங்க."

திங்கட்கிழமை நர்ஸ் பெண் இரட்டையரோடு வந்தாள். அவள் சொன்ன மாசக் கடைசிக்கு இன்னும் நாள் இருந்தது. இறக்கி விட்டுவிட்டு, போகாமல் கேட்டைப் பிடித்துக்கொண்டே நின்றாள். இவள்தான், "போம்மா, நேரமாகுது" என்று அதட்டினாள். அதட்டிவிட்டு உள்ளே வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழ வேண்டிய நேரமெல்லாம் முடிந்தபிறகு எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

அந்த வாரமே இன்னும் இரண்டு பிள்ளைகள் சேர்ந்து, இப்போது பன்னிரண்டு பேர். மச்சான், உண்மையைச் சொல்கிறேன், என்னால் முடியவில்லை. இரட்டையரில் எது எது என்று தெரியாமல் ஒன்றுக்கே இரண்டு முறை சோறு ஊட்டிவிட்டு மற்றதை அழவிட்டேன். முதுகு பிடித்துக்கொண்டது. உட்கார ஒரு பெரிய நாற்காலி இந்த வீட்டில் இல்லை. உங்கள் வீட்டு மாடியறை காலியாகத்தானே கிடக்கிறது? உடம்பு சரியில்லை, துணைக்கு ஆள் வேண்டும் என்று தாங்கள் ஒரு போன் போட்டு உங்கள் தங்கையிடம் சொன்னால், மறுபேச்சில்லாமல் அனுப்பிவைப்பாள். ஒரு கட்டிலும் ஒரு கதவும் போதும். கதவுக்கு உள்தாழ் இருந்தால் விசேஷம்.

அக்காவுக்கு என் வணக்கம். வீட்டிலுள்ள சிறியவர்கள் எல்லாரும் நீண்ட ஆயுளோடும், தனித்தனி அறையோடும் வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
இடம் இல்லாத மைத்துனன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது வாசலில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் இன்னும் மூன்று அம்மாக்கள், இடுப்பில் ஒவ்வொன்று. இடம் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எப்படி என்று தெரியவில்லை, "கொஞ்சம் பொறுங்க, அடுத்தது வருது" என்று சொல்லிவிட்டேன். உடனே அதிகாரி அம்மாவுக்குப் போன் போட்டேன். சொந்தக்காரர் வீட்டில் இன்னொரு இடம் திறந்தால் அதற்கும் நிதி உண்டாம். ஆகவே மாடியறையை எனக்காக ஒழிக்க வேண்டாம், குழந்தைகளுக்காக ஒழிக்கவும். உடம்பு சரியில்லை என்று மட்டும் தயவுசெய்து யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். பார்த்துக்கொள்ளும் ஆளாகத் தங்களைத்தான் சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை அந்த அம்மா அளவெடுக்க வருகிறார். மீசையை எடுங்கள் என்று தங்களிடம் சொல்லும் வயது எனக்கு இல்லை. ஆனால் பிடித்துத் தொங்குவார்கள்.