மாடியில் ஓடிய வெள்ளிமலை ரயில்

மரத்தூளில் செய்த கொல்லைக்கு, அதன் சொந்தக்காரரிடம் போய் அனுமதி கேட்கிற மனிதரை இந்தப் பூமி ஒரே ஒருமுறைதான் தயாரித்திருக்கிறது. அந்த ஒருத்தரும் கள்ளக்குறிச்சியில் எனக்கு வீட்டுச் சொந்தக்காரராக வாய்த்தார். தெருவே அவரை ஸ்டேஷன் மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். ரயில்வேக்கும் அவருக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. கீழே கடையில், எரிந்த பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவார். கட்டி முடித்ததும் மாடிக்குப் போய் ரயில் விடுவார்.

ரயில் என்னவோ முழ நீளம்தான். அது ஓடுகிற ஊர்கள்தான் ஹால் முழுக்க. சின்னசேலத்தில் கிளம்பி, கள்ளக்குறிச்சி வந்து, கல்வராயன் மலையேறி வெள்ளிமலையில் போய் நிற்க வேண்டும் என்பது மாஸ்டரின் திட்டம். கோழி வலையை வளைத்து, அதன்மேல் பழைய பேப்பரை மைதாப் பசையில் ஒட்டினால் மலை. பச்சைச் சாயம் போட்ட மரத்தூள் கொல்லை, அந்தப் பக்கத்தில் பயிர் நிலத்துக்கு அதுதான் பேர். கால்மிதியை வெட்டி நெல் வயல், பெயிண்ட் பிரஷ் மயிரில் கரும்பு. டீ வடிகட்டியில் சலித்த செம்மண் ரோடு.

"இன்னாங்க, வடிகட்டி எங்க?" என்று அவர் மனைவி சமையலறையிலிருந்து கேட்பார்.

"கோமுகி டேமாண்ட கெடக்குது பாரு" என்று ஹாலிலிருந்து பதில் வரும்.

கடைக்கு மோட்டார் கொண்டுவருகிற விவசாயிகளின் கொல்லையெல்லாம் மாடியில் இருக்கும். அவர்கள் நிஜத்தில் பயிரை மாற்றினால் மாடியிலும் மாறியாக வேண்டும். இதில் நான் வசமாக மாட்டினேன். விதைக் கம்பெனியில் விற்பனை வேலை எனக்கு. பைக்கை நிறுத்துவதற்குள் மாஸ்டர் வந்துவிடுவார்.

"சார், நைனார்பாளையத்துல உளுந்து புடுங்கிட்டாங்களா?"

"கவனிக்கலைங்க."

"இன்னா சார் நீங்க, தெனம் போய்க்கினு வந்துக்கினு இருக்கீங்க, இதுகூட பாக்காம."

என் மேனேஜர்கூட என்னை அவ்வளவு கேவலமாகப் பார்த்ததில்லை.

ஒருநாள் மலையிலிருந்து ஒரு விவசாயி, எரிந்துபோன மோட்டாருடன் வந்தார். மாஸ்டர் மோட்டாரை ஓரமாகப் போட்டுவிட்டு, ஆளை மாடிக்கு இழுத்துப் போனார். இரண்டு மாதம் பாடுபட்டுக் கூராக எழுப்பிய மலையைக் காட்டினார். வந்தவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"நல்லாத்தாங்க இருக்குது. ஆனா எங்க மல இப்டி கூரா இருக்காதுங்க. ஏறிட்டா மேல சமமா கெடக்கும், அங்கதான் சாமை வெதைக்கிறோம். இதுல வெதைச்சா உருண்டு சின்னசேலம் போயிடும்."

மாஸ்டர் ரம்பத்தை எடுத்து மலையுச்சியை அறுத்துத் தள்ளினார். மேலே சமமாக்கி, சாமைக் கொல்லை போட்ட பிறகுதான் மோட்டாரில் கை வைத்தார். உண்மையைச் சொன்ன பாவத்துக்கு அந்த மனிதர் நாலு நாள் கள்ளக்குறிச்சியிலேயே சுற்றிக்கொண்டிருந்தார்.

இத்தனை செய்தும் ரயில் மலைக்குப் போகவில்லை. கள்ளக்குறிச்சியைத் தாண்டி ஒரு முழம் போகும், நிற்கும், பின்னாலேயே திரும்பி வரும். நடுவில் வடக்கனந்தல் கரும்புக்காரரின் கொல்லை இருந்தது. அதில் கொஞ்சம் வெட்டினால்தான் தண்டவாளம் மலையைத் தொடும்.

"நாலு விரல் அகலம் மரத்தூள்தானே மாஸ்டர், சுரண்டிட்டுப் போடுங்க" என்றேன்.

"கேக்காம எடுத்தா அது திருட்டு சார்."

வெற்றிலை பாக்கும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு என் பைக்கில் ஏறி உட்கார்ந்தார். வடக்கனந்தல் போனோம். கரும்புக்காரர் விஷயத்தை முழுசாகக் கேட்டார். சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"ரோட்டுக்குக் கொஞ்சம் போச்சு. கரண்டு டவருக்குக் கொஞ்சம் போச்சு. இங்க துண்டு துண்டாத்தான் கெடக்குது மாஸ்டரு. உங்க மாடியிலதான் முழுசா இருக்குது. நல்லா ஓடற மோட்டார நான் தூக்கிக்கினு வர்றதே அதப் பாக்கத்தான். அத வுட்டுடுங்க."

"செரிண்ணா" என்றார் மாஸ்டர். பழத்தை வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

திரும்பும்போது கேட்டேன், அந்தக் கொல்லையில் மட்டும் டவர் வைக்காமல் விட்டது ஏன் என்று. "மறந்துட்டேன் சார்" என்றார். நைனார்பாளையத்து உளுந்தை மறக்காத மனிதர் சொல்கிறார், கேட்டுக்கொண்டு வந்தேன்.

இரண்டு வாரம் ஹால் கதவு சாத்தியே இருந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரயில் வெள்ளிமலை போகிறது, வாருங்கள் என்று அழைப்பு வந்தது. கரும்புக்காரரும் சலவை வேட்டியில் வந்திருந்தார். முகம் மட்டும் இறுகிக் கிடந்தது.

ரயில் சின்னசேலத்தில் கிளம்பியது. கள்ளக்குறிச்சி வந்தது. எங்கள் தெருவுக்குள் புகுந்து பெரிதாக ஒரு வளைவு எடுத்தது. கரும்பை உரசாமல் ஓரமாகவே போய், மலையேறி, சாமைக் கொல்லையைத் தாண்டி வெள்ளிமலையில் நின்றது. எல்லோரும் கைதட்டினோம். மாஸ்டரின் மனைவி மட்டும் குனிந்து தெருவில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"நம்ப வூடு எங்கங்க?"

"எடுத்துட்டேன். திரும்பறதுக்கு வேற எடம் இல்ல."

"கடையோடவா?"

"கடையோடதான்."

அந்த வீட்டின் பின்போர்ஷனில்தான் நான் குடியிருந்தேன். குடித்தனக்காரனுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கரும்புக்காரர் தன் கொல்லையைப் பார்த்தார். பிரஷ் மயிர் ஒன்றுகூடச் சாயவில்லை. தண்டவாளம் போகிற இடத்தைப் பார்த்தார்.

"யோவ் மாஸ்டரு, வூடு இல்லாம எப்டிய்யா இருப்ப? நம்ப கொல்லையில கெணத்தோரம் மூணு சென்ட் எடுத்துக்க. தண்ணி நல்லாருக்கும்."

"மூணு ஜாஸ்திண்ணா. ரெண்டு போதும்."

"கம்மியா எடுத்தா நான் ஒத்துக்க மாட்டேன்."

நிலத்தைக் கொடுப்பவர் ஏற்றியும் வாங்குபவர் இறக்கியும் பேரம் பேசியதை அன்றுதான் பார்த்தேன். அரை மணி நேரம் நடந்தது. கடைசியில் இரண்டரை சென்டுக்கு, அதாவது ஒரு தீப்பெட்டி அகலத்துக்கு, மாஸ்டர் டேப் வைத்து அளந்தார். கூடிவிடக் கூடாது என்று இரண்டு தரம் அளந்தார்.

அப்புறம் கம்பெனி என்னை வேறு ஊருக்கு மாற்றிவிட்டது. போன மாதம் மாஸ்டர் போன் செய்தார். கிணற்றோரத்தில் வீடு கட்டி, கடை வைத்து, வெள்ளையடித்தும் முடித்துவிட்டாராம்.

"பின்னாடி போர்ஷன்ல வேற யாரையும் வெக்கல சார். ஒங்க பைக்க வெளிய நிறுத்தி வெச்சிருக்கேன்" என்றார்.

ஒரு பயறு அளவுகூட இருக்காது அந்த பைக். எனக்கு அன்றைக்கு முழுக்க வேலையே ஓடவில்லை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.